பத்து மணி வாசனை

2011-ஆம் வருடம், பங்குனி மாதம். சிதம்பரம் மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தின் முனையில், காலை பத்து மணி வெயிலில், ஒரு தையல்காரரோடு சண்டை போடுவதற்காக நான் நின்றிருந்தேன். சண்டைக்குத் தேவையான வார்த்தைகளையெல்லாம் கடலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூடப் பயன்படவில்லை.

அது என்ன சண்டை என்று சொல்ல, நான் வாழ வந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பிறந்த ஊர் திட்டக்குடிப் பக்கம். மக்காச்சோளமும் பருத்தியும் பார்த்து வளர்ந்தவள். 2004-ல் கல்யாணமாகி கடலூருக்கு வந்தேன். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டுக்குப் பூ வியாபாரம் என்றார்கள். நான் மல்லி, சம்பங்கி என்று நினைத்துக்கொண்டேன். வந்து பார்த்தால், முதுநகரைத் தாண்டி, கடல்காற்று எட்டுகிற தூரத்தில், பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே ஆயிரக்கணக்கான செடிகள் அந்தரத்தில் தொங்குகின்றன. எல்லாம் ஆர்க்கிட். தொட்டியில் கரித்துண்டும் தேங்காய் மட்டையும்தான் இருக்கின்றன. சில செடிகளுக்கு அதுவும் கிடையாது, வேர்கள் வெறும் காற்றில் நீளமாக ஆடிக்கொண்டிருக்கின்றன. "மண்ணே இல்லாம எதைத் தின்னுட்டு வளருது?" என்று நான் கேட்டதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்கள்.

பண்ணையை நடத்தியது இரண்டே பேர். என் வீட்டுக்காரர் பூக்களை வெட்டிக் கட்டி, பாண்டிச்சேரி பூக்கடைகளுக்கும் கல்யாண மேடை அலங்காரக்காரர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். காலை ஏழு மணிக்குப் போனால் மத்தியானம்தான் வருவார். அவருடைய அக்கா, அதாவது என் அண்ணி, செடிகளைப் பார்த்துக்கொண்டார். சிதம்பரத்தில் பாட்டனி படித்தவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். இரண்டு வேறு வேறு ஆர்க்கிட்டை இணை சேர்த்துப் புதுச் செடி உண்டாக்குவது அவருடைய வேலை. வேலை என்ன, உயிரே அதில்தான் இருந்தது.

அதை அவர் செய்வதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருக்கும். ஒரு பல்குச்சியின் நுனியால் ஒரு பூவின் நடுவிலிருந்து கடுகளவு மஞ்சள் மகரந்தத்தை எடுத்து, இன்னொரு பூவின் நடுவில் ஒட்டி வைப்பார். அது காய்த்து முற்ற எட்டு மாதம் ஆகும். காய்க்குள் விதை தூள்மாதிரி இருக்கும், அருகில் தும்மினால் ஒரு வம்சமே போய்விடும். அதைக் கண்ணாடி பாட்டிலுக்குள் கடற்பாசி, இளநீர், வாழைப்பழம் எல்லாம் கலந்து உறையவைத்த கூழின்மேல் தூவுவார். பாட்டிலைக் கிருமி நீக்க குக்கரில் வைத்து எடுக்க வேண்டும். வீட்டில் இரண்டு குக்கர். ஒன்று சாம்பாருக்கு, ஒன்று பாட்டிலுக்கு. மாற்றி எடுத்துவிட்டால் அண்ணி ஒரு வாரம் என்னோடு பேசமாட்டார்.

நான் வருவதற்குச் சில மாதம் முன்னால்தான் அவர் முக்கியமான ஒரு இணைப்பைச் செய்திருந்தார். ஒரு பக்கம் தாய்லாந்திலிருந்து வந்த, வாண்டா என்கிற ஊதா ஆர்க்கிட், உள்ளங்கை அகலப் பூ, ஆனால் வாசனை துளிகூடக் கிடையாது. இன்னொரு பக்கம் நம் முந்திரித் தோப்புப் பக்கத்துப் பழைய மாமரங்களில் தானாகத் தொற்றி வளருகிற காட்டு ஆர்க்கிட். மங்கலான பழுப்பு நிறம், பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் மணக்கும். இரண்டும் சேர்ந்து மணக்கிற ஆர்க்கிட் ஒன்று வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கள் பூக்கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "பாக்க ஷோக்கா கீது, வாசன இல்லியே, தலையில எப்படி வெக்கிறது?" நம் ஊரில் தலையில் வைக்காத பூவைப் பூவென்று யார் ஒத்துக்கொள்வார்கள்?

இதில் விசேஷம் என்னவென்றால், அண்ணிக்கு வாசனையே தெரியாது. எனக்குக் கல்யாணமாவதற்கு இரண்டு வருடம் முன்பு மொபெட்டிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடி. மற்றதெல்லாம் சரியாகிவிட்டது, மோப்பம் மட்டும் திரும்பவில்லை. பால் தீய்ந்து அடுப்படி முழுக்கப் புகை நிறைந்த பிறகு, கண் எரிந்துதான் அவருக்குத் தெரிந்ததாம். ஆனாலும் ஒவ்வொரு புதுப் பூவையும் குனிந்து மோந்து பார்க்கும் பழக்கம் அவரைவிட்டுப் போகவில்லை. மோந்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார்.

ஆகவே அந்த வீட்டின் மூக்கு நான்தான்.

ஆறு வருடம் காத்திருந்தோம். பாட்டிலில் பச்சைப் புள்ளியாக இருந்தது கன்றாகி, கன்று கூடைக்கு வந்து, கூடையிலிருந்து வேர் இறங்கி, 2010 பங்குனியில் முதல் மொட்டு வந்தது. ஐம்பத்து இரண்டு செடிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்தன. நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். அண்ணி ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு செடிக்கும் ஒரு நம்பர். ஒவ்வொரு செடியையும் மூன்று நாள், நாளைக்கு மூன்று வேளை நான் மோந்து பார்த்து எழுத வேண்டும். காலை ஆறு, பத்து, சாயங்காலம் ஐந்து.

"ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நேரம் இருக்கும்மா. அந்த நேரத்துல நாம அங்க இருக்கணும். இந்த ரெண்டு மாசம் கடைய பதினோரு மணிக்குத் தொறந்தா போதும்" என்றார்.

எங்கள் சின்னப் பூக்கடை மஞ்சக்குப்பத்தில் இருந்தது. பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஒன்பதரைக்கு அதைத் திறப்பது என் வேலை. வேலை என்று சொல்கிறேனே தவிர, எனக்கு அது விடுதலை. ரேடியோவில் பாட்டு, பக்கத்து வளையல் கடை அக்காவோடு பேச்சு, பதினோரு மணிக்கு ஒரு டீ. வீட்டில் நான் மருமகள், பண்ணையில் நான் மூக்கு, அந்தக் கடையில்தான் நான் நானாக இருந்தேன். அதில் ஒன்றரை மணி நேரத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

நான் செய்தது இதுதான். காலை ஆறு மணிக்கு, பூ வெட்ட வந்த இரண்டு அம்மாக்களோடு நானும் பந்தலுக்குள் போய், பூத்த செடிகளை ஒழுங்காக மோந்து பார்ப்பேன். பனி சொட்டும், வலைக்கு மேலே வெளிச்சம் அப்போதுதான் வரும், ஒரு வாசனையும் இருக்காது. 'இல்லை' என்று எழுதுவேன். கையோடு பத்து மணிக் கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதி நோட்டை ஆணியில் மாட்டிவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவேன். பூ வெட்டும் அம்மாக்களும் எட்டரைக்கெல்லாம் போய்விடுவார்கள். அண்ணி பந்தலின் நடுவில் இருந்த பாட்டில் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வார், வெளியே வந்தாலும் தொங்கும் செடிகளின் மறைவில் நான் இருப்பதாக நினைத்துக்கொள்வார், கிளம்பியது அவருக்குத் தெரியாது. சாயங்காலம் சில நாள் பார்த்தேன், பல நாள் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு இல்லாத வாசனை பத்து மணிக்கு எங்கிருந்து வரப்போகிறது என்று நானே ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அண்ணி நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். எல்லாக் கட்டத்திலும் ஒரே வார்த்தை. "சரி" என்றார். அன்றைக்குப் பிறகு அவர் பல்குச்சியை எடுக்கவில்லை. ஆறு வருடத்துக் கூலி இவ்வளவுதானா என்று என் வீட்டுக்காரர் கேட்டிருந்தால்கூட அண்ணி கோபப்பட்டிருப்பார், தெம்பாகி இருப்பார். இவரோ பாவம், அக்கா மனசு நோகக்கூடாது என்று எதுவுமே கேட்கவில்லை.

அந்த ஆனி மாதம், சிதம்பரத்தில் திருமஞ்சனத் தேரோட்டத்தின்போது கீழ வீதியில் ஒரு இடம் பிடித்து, அந்தச் செடிகளில் நாற்பதை மலிவாக விற்றோம். பூவெல்லாம் அதற்குள் உதிர்ந்துவிட்டது. கூடையில் நம்பர் அட்டை, அதன் பின்பக்கம் எங்கள் கடை போன் நம்பர். அப்போதுதான் அந்தத் தையல்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது. வாசனை இருக்குமா என்று கேட்டார். எல்லாரும் கேட்பதுதானே என்று, "சுத்தமா கிடையாதுங்க. மூணு நாள் மூணு வேளையும் நானே மோந்து பாத்திருக்கேன்" என்றேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். வாசனை இல்லை என்றதும் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் என்று அன்றைக்கே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒன்பது மாதம் கழித்து அவர்தான் போன் செய்தார்.

"யம்மா, வாசன இல்லாத செடின்னு சொல்லித்தான குடுத்தீங்க? என் வீட்டுக்காரிக்கு வாசனயே ஒத்துக்காது, தலவலி வந்து படுத்துக்குவா. மல்லிப்பூகூட வீட்டுக்குள்ள வராது. அதுக்கோசரம்தான் இத வாங்கனேன். இப்ப பூத்துகினு ஜாஸ்தி மணக்குது. வந்து எடுத்துகினு போங்க."

அந்தப் பூ மணக்காது என்றேன். மணக்கிறது என்றார். இப்படியே மூன்று நாள், மூன்று போன். காசைத் திருப்பிக் கேட்க ஆள் வழி பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நேரில் போய், அவர் எதிரிலேயே மோந்து பார்த்து, நாலு பேருக்கு நடுவில் மூக்கறுத்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

அப்படித்தான் அந்தச் சந்து முனையில் நின்றேன்.

நல்ல வெயில். கோயில் பக்கத்திலிருந்து மணிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. சந்துக்குள் திரும்பினேன். யாரோ பன்னீர் திராட்சை விற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தள்ளுவண்டி எங்கே என்று பார்த்தேன், சந்து காலியாக இருந்தது. இரண்டு வீடு தள்ளிப் போனதும் வாசனை கூடியது. திராட்சைதான், ஆனால் அதற்குப் பின்னால் இன்னும் ஏதோ ஒன்று மெதுவாக வந்தது. ஏலக்காயா, புதுத்துணியா, தெரியவில்லை. அந்த இடத்தில் சத்தமெல்லாம் குறைந்துவிட்டதுபோல இருந்தது. நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்து, மூக்கு காட்டிய வழியில் போய்க்கொண்டிருந்தேன். அண்ணாந்து பார்த்தேன். ஒரு மாடிக் கைப்பிடிக் கம்பியில் எங்கள் கூடை தொங்கியது. ஏழு நாவல்நிறப் பூ. அட்டையில் என் கையெழுத்தில் நம்பர் பத்தொன்பது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. கீழே தையல் கடையிலிருந்து அவர் எட்டிப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க, இது வாசன இல்லியா?" என்றார்.

எத்தனை நாளாக இப்படி என்று மட்டும் கேட்டேன். பூத்து ஒரு வாரமாச்சாம். "காலையில டிபன் முடிச்சி மெஷின்ல உக்கார்ற நேரத்துக்கு ஆரம்பிக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு நின்னுடும். அவளுக்குத் தலவலியும் அதே கணக்குதான்" என்றார்.

அவர் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறு மணிக்கு இல்லை. ஐந்து மணிக்கு இல்லை. பத்து மணிக்கு உண்டு. நான் ஒருநாள்கூட நிற்காத அந்தப் பத்து மணிக்கு மட்டும் உண்டு.

அந்த மனிதரிடம்தான் முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். முன்பின் தெரியாதவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் வீட்டுக்காரம்மா நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு வாசல் கதவோரம் நின்று கேட்டார். அந்தச் செடிக்கு இனி என்ன விலை கேட்டாலும் நான் கொடுத்திருப்பேன், அது அவர்களுக்கும் புரிந்திருக்கும். ஆனால் அந்த அம்மா உள்ளே போய் ஒரு ஈரத்துணி கொண்டுவந்து, தலைவலியோடேயே வேரைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். தையல்காரர் காசைத் திருப்பி வாங்கக்கூட மறுத்துவிட்டார். "வாசன இல்லாத ஒண்ணு குடுங்க, போதும். இந்தவாட்டி நெஜமா பாத்துட்டுக் குடுங்க" என்று சிரித்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் மடியில் கூடையை வைத்துக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பஸ் பயணம் வந்ததில்லை. முதலில் பக்கத்தில் இருந்தவர், பிறகு முன் சீட்டு, பிறகு எல்லாருமே திரும்பிப் பார்த்தார்கள். புதுச்சத்திரத்தில் ஏறிய மீன்கார அம்மா காலிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா பழம்மா அது?" என்றார். அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை பூவைப் பார்த்தபடியே தூங்கிப்போனது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் என் சீட்டுப் பக்கத்தில் சும்மா நின்றார். வெளியே உப்புக்காற்றும் வெயிலும், உள்ளே திராட்சை வாசனையுமாக, பஸ் ஓடுகிறதா மிதக்கிறதா என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. இதெல்லாம் ஆறு வருடம் காத்திருந்த ஒருவருக்கு வந்திருக்க வேண்டிய சந்தோஷம் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுதுகொண்டே ஒரு பொய்யும் தயாரித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பூப்பில் வாசனை இருக்காது போல, செடி முதிர்ந்த பிறகுதான் வருகிறது போல என்று சொல்லிவிடலாம். அப்படி நடப்பதும் உண்டு என்று அண்ணியே ஒருமுறை சொல்லியிருக்கிறார். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆலப்பாக்கம் தாண்டும்போது வாசனை மெல்ல மெல்லக் குறைந்து, ஊர் வந்து சேர்ந்தபோது சுத்தமாக நின்றுவிட்டது.

பண்ணையில் அன்றைக்குப் பாட்டில் அறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் தாய்லாந்தில் இருந்து வாங்கிய கன்றுகள் வரப்போகின்றன. இனி வாங்கி வளர்த்துப் பூ வெட்டி விற்பது மட்டும்தான், இணை சேர்க்கிற வேலை வேண்டாம் என்று அக்காவும் தம்பியும் முடிவு செய்திருந்தார்கள். மீதி இருந்த பன்னிரண்டு செடிகளையும், அந்தக் காட்டுத் தாய்ச்செடியையும் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அண்ணி பாட்டில்களைக் கழுவிக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கூடையை அவர் முன்னால் வைத்தேன். "அண்ணி, பத்தொம்பது மணக்குது."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து மோந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டார். அவரும் வந்து இழுத்து இழுத்து மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் வரலியே" என்றார். மணி ஒன்றரை.

அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கோபமில்லை, சந்தேகமில்லை. என் தோளைத் தட்டி, "பரவால்ல விடும்மா. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்ற. எனக்குத் தெரியாதா? நீ எவ்ளோ தடவ மோந்து பாத்து எழுதின!" என்றார்.

நான் வாழ்நாளில் அவருக்குக் கொண்டுவந்த ஒரே நல்ல உண்மை அவருக்குப் பொய்யாகப் பட்டது. நான் எழுதி வைத்த பொய்தான் அவருக்கு உண்மையாக இருந்தது. பஸ்ஸில் தயாரித்ததெல்லாம் அந்த இடத்தில் உதிர்ந்துபோனது. அவர் என்னை நம்பவேண்டும் என்றால், நான் நம்பத் தகுந்தவள் இல்லை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

நோட்டை எடுத்துவந்து பிரித்து வைத்தேன். "இந்தப் பத்து மணிக் கட்டம் பூரா பொய் அண்ணி. ஒரு நாள்கூட நான் பாக்கல. கடைக்குப் போயிட்டேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் ஏதோ கத்தினார், எனக்குக் காதில் விழவில்லை. அண்ணி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவினார். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"பத்து மணி வாக்குல தண்ணி குடிக்க நான் வெளிய வருவேன். அந்த வாசனைக்கு நடுவுலதாம்மா நடந்து போயிட்டு வந்துட்டு இருந்திருக்கேன்."

அவ்வளவுதான். எழுந்து அறைக்குப் போய்விட்டார். சாப்பிட வரவில்லை. நான் திட்டு வாங்கியிருக்கிறேன், அடியும் வாங்கியிருக்கிறேன், எதுவும் இந்த ஒரு வாக்கியம்போல வலித்ததில்லை. அன்றைக்கு மிச்சப் பொழுது முழுக்க, கழுவிக் கவிழ்த்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து மறுபடி அலமாரியில் அடுக்கினேன். யாரும் சொல்லவில்லை. வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கடை திறக்கவில்லை. ஒன்பதரைக்கே போய் பத்தொன்பதுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். தண்ணீர் தெளிப்பான் நின்று, வலை வழியாக வெயில் துளித்துளியாக இறங்கியது. ஒன்பதே முக்காலுக்கு லேசாக ஆரம்பித்தது. பத்து மணிக்குப் பந்தல் முழுக்க நிறைந்துவிட்டது. பாண்டிச்சேரிக்குப் போகாமல் இருந்த என் வீட்டுக்காரர் பந்தல் வாசலிலேயே நின்று, "அக்கா!" என்று கூப்பிட்டார்.

அண்ணி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் பூவுக்குக் கீழே போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். "சொல்லு" என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பன்னீர் திராட்சை என்றேன். தோலா, சாறா என்றார். தோலை நசுக்கினால் கையில் ஒட்டுமே அது என்றேன். இனிப்பு தூக்கலா என்றார். இல்லை, மூச்சை இழுக்கும்போது இனிப்பு, விடும்போது வேறு ஏதோ, ஏலக்காய்மாதிரி, ஆனால் ஏலக்காய் இல்லை என்றேன். ஒவ்வொரு வார்த்தையையும் தேடித் தேடி எடுத்தேன். ஒன்றுகூடக் கூட்டிச் சொல்லிவிடக்கூடாது என்று பயமாக இருந்தது. அவர் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவருக்கு எங்கோ ஞாபகத்திலிருந்து அந்த வாசனை வந்துகொண்டிருந்தது என்றே நான் நம்புகிறேன்.

பாண்டிச்சேரிக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பாட்டில் அறை அப்படியே இருந்தது. தையல்காரருக்கு நான் கொடுத்த செடியை மூன்று நாள் மூன்று வேளையும் மோந்து பார்த்த பிறகுதான் கொடுத்தேன். அதன்பின் பூப்பு மாதங்களில் வாரம் ஒருநாள் சிதம்பரத்துக்குப் போனேன். பத்து மணிக்கு நாலு வீதியிலும் சந்துகளிலும், மூக்கைத் தூக்கிக்கொண்டு, மாடிகளைப் பார்த்துக்கொண்டு, தூக்கத்தில் நடப்பவள்மாதிரி நடந்திருக்கிறேன். விற்ற நாற்பதில் பதினான்கைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. சில வாடிவிட்டன, சிலவற்றைத் தரமாட்டோம் என்றார்கள், அதுவும் நியாயம்தானே. அந்த வருடக் கடைசியில் வந்த புயலில் பந்தல் போனது. செடிகளை வீட்டுக்குள் தூக்கி வைத்து, கட்டிலுக்கு அடியில்கூட வைத்துக் காப்பாற்றினோம்.

அண்ணி என்னை மன்னித்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

2012 சித்திரையில், சிதம்பரத்திலிருந்து மீட்டு வந்த செடிகளில் ஒன்று பூத்தது. இருப்பதிலேயே அழகான பூ அதுதான், நிறமும் வடிவமும் கண்ணைப் பறிக்கும். இது மட்டும் மணந்துவிட்டால் போதும் என்று அண்ணி தினமும் அதன் முன்னால் நின்றார். மூன்று நாள், மூன்று வேளை பார்த்தேன். பத்து மணிக்கு இலையோடு ஒட்டி நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் நோட்டோடு பக்கத்தில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தார். உண்டு என்று சொல்லிவிடத் துடித்தது மனசு. "இல்ல அண்ணி" என்றேன்.

நிஜமாகவா என்று அவர் கேட்கவில்லை. இன்னொரு தரம் பார் என்று சொல்லவில்லை. கட்டத்தில் 'இல்லை' என்று தன் கையாலேயே எழுதிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார். நான் அங்கேயே நின்று அழுதேன். என் வார்த்தையை ஒருவர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அதை ஒருமுறை தொலைத்த எனக்குத்தான் தெரியும்.